மாக் 5 விமானமும் கணபதி பட்டறையும்

கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து மாக் 5 வேகத்தில், அதாவது ஒலியைப் போல ஐந்து மடங்கில், மேல்வானத்தில் மணிக்குச் சுமார் 5300 கிலோமீட்டரில், பறக்கிற ஒரு விமானத்தின் கான்செப்ட் வரைந்தோம். வேவ்ரைடர் வகை, தான் கிளப்பும் அதிர்ச்சி அலையின் மேலேயே சவாரி செய்யும் தட்டையான உடம்பு. அதைச் சோதிக்க 18 செ.மீ. மாடல் வேண்டும். த்ரீடி பிரிண்ட் பிளாஸ்டிக் சரிப்படாது, ஒலியை மிஞ்சிய வேகத்தில் காற்றை ஊதி மாடலைச் சோதிக்கும் சூப்பர்சானிக் விண்ட் டனல் ஸ்டார்ட் ஆகும்போது விழுகிற அடியிலேயே உடைந்துவிடும்.

கோவை பீளமேட்டில் இரண்டு இடத்தில் ஒரே பீஸ் என்றதும் கட்டாதுங்க என்றார்கள். கடைசியில் கோவையிலேயே கணபதி ஏரியாவில் ஒரு சந்துக்குள் இருக்கும் பட்டறை, பம்ப் பார்ட்ஸ்தான் அவர்களுக்குச் சோறு போடுவது, கம்ப்யூட்டர் சொன்னபடி வெட்டும் விஎம்சி மிஷின் ஒன்று, மின்கம்பியால் அறுக்கும் வயர்கட் ஒன்று, நாலு லேத். முதலாளி அண்ணன் டிராயிங்கைப் பெரிதாக்கி மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க தம்பி, இத்தன கூரா வெச்சா கட்டர் பட்டதும் வளைஞ்சுக்குமே. அதுவும் போகட்டும், நெசத்துல அந்த வேகத்துல போறப்ப இந்த நுனி நிக்குமுங்களா?" என்று கேட்டுவிட்டு, லேத்தில் போடும் இன்சர்ட், அதாவது வெட்டும் சின்ன முனைத்துண்டு, ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் மூலையில் 0.4, 0.8 மி.மீ. என்று ரேடியஸ் கொடுத்து உருட்டி வைப்பதே, கூராக விட்டால் சூடு முழுக்க அங்கேயே ஏறி நுனி பொரிந்துபோகும் என்பதால்தான்.

எங்களுக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம்தான் இது. கான்கார்ட் பயணிகள் விமானத்துக்கு மாக் 2-லேயே மூக்கு 127 டிகிரி வரை சுட்டது, மாக் 3 தாண்டிய எஸ்ஆர்-71 உளவு விமானத்துக்கு அலுமினியம் ஆகாமல் டைட்டானியத்துக்குப் போனார்கள், மாக் 5-ல் மூக்கில் மோதி நிற்கிற காற்று அமுங்கியே சுமார் 1000 டிகிரிக்குப் போய்விடும். ரேடியஸை நாலு மடங்காக்கினால் மூக்கில் ஏறும் வெப்பம் பாதியாகும் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறோம், ஆனாலும் லிப்ட்-டிராக் விகிதம் (தூக்கும் விசைக்கும் காற்றின் இழுவைக்கும் உள்ள விகிதம்) அழகாக வருகிறதே என்று கத்தி முனையாகவே வரைந்து வைத்திருந்தோம். அன்று ராத்திரியே உட்கார்ந்து மாடலில் 0.25 மி.மீ., நிஜ அளவில் 2.5 செ.மீ. ரேடியஸ் கொடுத்தோம். டிராக் கூடியது, விகிதம் குறைந்தது, ஆனால் இப்போதுதான் அது பறக்கக்கூடிய வடிவம் என்று எனக்குப் படுகிறது.

வேலை சுத்தம். உடம்பு அலுமினியம் 6061, மூக்கு மட்டும் தனியாக ஸ்டீலில் வெட்டிப் பொருத்தினார்கள், இணைப்பில் நகம் வைத்து இழுத்தால் தட்டவே இல்லை. பின்பக்கம் ஸ்டிங், அதாவது டனலுக்குள் மாடலைத் தாங்கும் கம்பி, மாட்டும் துளை கொஞ்சம் கோணலாக வந்திருந்தது, சொன்னதும் பணம் வாங்காமல் சரிசெய்தார்கள். நேரம்தான் பெரிய குறை. பத்து நாள் என்றது பதினாறு நாள் ஆயிற்று, பம்ப் ஆர்டர் வந்துவிட்டால் நம் பீஸ் ஓரமாகப் போய்விடுகிறது, போன் பண்ணினால் நாளைக்குங்க என்பார்கள். எங்கள் டனல் ஸ்லாட் ஒன்று அதனால் கைவிட்டுப் போனது, அது வலித்தது.

கல்லூரி டனல் மாக் 2 வரைதான் போகும். அந்த வேகத்திலேயே காற்றின் அடர்த்தி மாற்றத்தைக் காட்டும் ஷ்லீரன் படத்தில் அதிர்ச்சி அலை மூக்கை ஒட்டாமல் மயிரிழை முன்னால் தள்ளி நிற்பது தெளிவாகத் தெரிந்தது.

இந்தப் பட்டறைக்குப் போகிறவர்கள் த்ரீடி பிரிண்டுக்குக் கொடுக்கும் எஸ்டிஎல் ஃபைல் கொண்டுபோகாதீர்கள், வளைவுகளைத் துல்லியமாக வைத்திருக்கும் ஸ்டெப் ஃபைல் கேட்பார்கள். காலையிலேயே போங்கள், மத்தியானத்துக்கு மேல் மிஷின் சத்தத்தில் பேச முடியாது. டெட்லைனை ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவையுங்கள்.