வாட்ச் செயின் கீறலுக்கு மெரூன் ஸ்காட்ச்பிரைட்

3எம் ஸ்காட்ச்பிரைட் 7447. உலோகத்தைத் தேய்க்கிற நார்த் தாள், மெரூன் நிறம், 6க்கு 9 அங்குலம். கடலூரில் இதைப் பாத்திரக் கடையில் தேட வேண்டாம். கார் பெயின்ட் விற்கிற கடையில் கேளுங்கள். டிங்கரிங் பட்டறைக்காரர்கள் வாங்குகிற பொருள் என்பதால் ஒற்றைத் தாளாகவும் தருவார்கள். நான் இம்பீரியல் சாலையில் வாங்கினேன்.

எனக்கு வங்கிக் கவுண்ட்டர் வேலை. கிரானைட் மேடையில் உரசி உரசி, சீக்கோ வாட்சின் கொக்கி முழுக்கக் கீறல். முதலில் ஒரு கடையில் கொடுத்தேன். பஃப், அதாவது மெஷின் பாலிஷ், போட்டுத் தந்தார்கள். பளபளக்காத பிரஷ் ஃபினிஷ் மொத்தமும் போய், கொக்கி மட்டும் எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது, செயினோடு ஒட்டவே இல்லை. மனசு ஆறவில்லை. அதைச் சரிசெய்தது இந்தத் தாள்தான்.

பிரஷ் ஃபினிஷ் என்பதே ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள். கீறல் அவற்றைக் குறுக்கே வெட்டுவதால்தான் கண்ணில் படுகிறது. பாலிஷ் போட்டால் கோடும் சேர்ந்து அழியும். இந்தத் தாள் புதுக் கோடு போட்டுக் கீறலை அதற்குள் மறைத்துவிடுகிறது.

செயினைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ்ஷால் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். சில்வர் பீச் மணல் ஒரு துகள் கண்ணிக்குள் இருந்தாலும் புதுக் கீறல் விழும். பளபளப்பான ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இதில் சோம்பல் படவே கூடாது, அந்த ஓரம் மங்கினால் வீட்டில் மீட்பது கஷ்டம். அப்புறம் கோடு ஓடும் திசையிலேயே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பு. கையை எடுத்து மறுபடி முதலிலிருந்து இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தாலோ நடுவில் நிறுத்தினாலோ அந்த இடம் திட்டாகத் தெரியும். அழுத்தமே வேண்டாம். சில இழுப்புகளிலேயே கீறல் மங்குவது தெரியும். கோடு முரடாகத் தெரிந்தால் சாம்பல் நிற 7448 இதைவிட மென்மை, கடைசியாக அதை இழுக்கலாம்.

நகம் மாட்டுகிற ஆழமான கீறலுக்கு இது போதாது, விட்டுவிடுங்கள். கறுப்பு, தங்க நிறக் கோட்டிங் உள்ள வாட்சில் இதை வைக்கவே கூடாது, கோட்டிங் உரிந்துவிடும். டயலைச் சுற்றி வட்டமாகக் கோடு ஓடும் கேஸிலும் (வாட்சின் உலோகக் கூடு) நான் கை வைக்க மாட்டேன். நேர்க்கோடு ஓடும் ஸ்டீல் செயினுக்கும் கொக்கிக்கும் தயங்காமல் வாங்கலாம்.