‘புட் ஆஃப்’ மனதில் நிற்க எந்த வழி? பட்டியல், அட்டை, சீரியல்: ஓர் அலசல்

ஃப்ரேசல் வெர்ப், அதாவது வினையோடு அப், ஆஃப் போன்ற குட்டிச்சொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் ‘புட் ஆஃப்’ போன்ற ஆங்கிலத் தொடர்களைப் படிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது வினைவாரிப் பட்டியலைத்தான். மேலே ‘கெட்’ என்று தலைப்பு. கீழே கெட் அப், கெட் ஓவர், கெட் பை, கெட் அலாங் என்று இருபது வரி, எதிரே தமிழ்ப் பொருள். கைடுகளிலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்களிலும் இதே அமைப்புதான். மனப்பாடத்துக்கு இதைவிட மோசமான வரிசை கிடையாது. ஒரே சாயலில் இருபது பேரை ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால் எந்தப் பெயர் யாருடையது என்று குழம்பும். இங்கேயும் அதுதான் நடக்கிறது. கெட் ஓவர் என்றால் மீண்டுவருவது, கெட் பை என்றால் சமாளித்து ஓட்டுவது. இரவு படித்தால் காலையில் இரண்டும் இடம் மாறியிருக்கும்.

எதைப் படிக்கலாம், எதை விடலாம் என்று தீர்மானிக்க மட்டும் பட்டியல் உதவும். அதற்கும் நீளமான பட்டியல் வேண்டாம். மொழி ஆய்வாளர்கள் கார்னியரும் ஷ்மிட்டும் 2015இல் வெளியிட்ட ‘ஃபேவ்’ பட்டியலில் இருப்பது 150 தான். ஒவ்வொன்றுக்கும் அதிகம் புழங்கும் பொருள் எது, அது எத்தனை சதவீதம் வருகிறது என்றும் போட்டிருப்பார்கள். ‘ஆயிரம் ஃப்ரேசல் வெர்ப்கள்’ என்று அட்டையில் அச்சிட்ட புத்தகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வழி, வினையை விட்டுவிட்டுப் பின்னால் வரும் குட்டிச்சொல்லை வைத்துப் பிரிப்பது: அப், ஆஃப், அவுட், ஆன். தமிழருக்கு இது கூடுதலாகக் கைகொடுக்கும், ஏனென்றால் இந்தச் சங்கதி நம் பேச்சிலேயே இருக்கிறது. ‘சாப்பிடு’ என்பதற்கும் ‘சாப்பிட்டுவிடு’ என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் ஏறத்தாழ ஈட் என்பதற்கும் ஈட் அப் என்பதற்கும். யூஸ் அப், ட்ரிங்க் அப் எல்லாம் மிச்சம் வைக்காமல் முடிக்கும் ‘விடு’. ரீட் ஆன், கேரி ஆன் என்பவற்றில் வரும் ஆன், ‘கொண்டே இரு’.

இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால், ‘தள்ளிப்போடு’ என்ற சொல்லில் யாரும் எதையும் தள்ளுவதும் இல்லை, போடுவதும் இல்லை. புட் ஆஃப் என்பதும் அப்படித்தான். கிவ் இன் என்றால் விட்டுக்கொடு, ஃபைண்ட் அவுட் என்றால் கண்டுபிடி. தொனியும் பொருந்திவருகிறது. போஸ்ட்போன் என்பது ‘ஒத்திவை’, புட் ஆஃப் என்பது ‘தள்ளிப்போடு’. டாலரேட் என்பது ‘சகி’, புட் அப் வித் என்பது ‘பொறுத்துக்கொள்’. எதை அறிக்கையில் எழுதுவது, எதை நண்பரிடம் பேசுவது என்ற குழப்பம் பாதி இங்கேயே தீரும். எதிரே எழுதும் தமிழ்ப் பொருளும் அதே தொனியில் இருக்க வேண்டும். கைடுகள் புட் ஆஃப் என்பதற்கு ‘ஒத்திவைத்தல்’ என்று எழுதித்தான் காரியத்தைக் கெடுக்கின்றன.

இந்த வழி சறுக்கும் இடமும் உண்டு. ‘த அலாரம் வென்ட் ஆஃப்’ என்று கேட்டதும் நம் காது அலாரம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். லைட் ஆஃப், ஃபேன் ஆஃப் என்று பழகிய காது அது. உண்மையில் அலாரம் அடித்தது என்று பொருள். வெடிகுண்டு கோ ஆஃப் என்றால் வெடிக்கிறது, விளக்கு கோ ஆஃப் என்றால் அணைகிறது, பிரிட்டனில் பால் கோ ஆஃப் என்றால் கெட்டுப்போகிறது. குட்டிச்சொல்லை வைத்து ஊகிக்கலாம், உறுதி செய்ய வாக்கியம் வேண்டும்.

எனவே என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: வாக்கிய அட்டை. முன்பக்கம் ‘தே ஹேவ் டேஷ் த மீட்டிங் டேஷ் டில் ஃப்ரைடே’ என்று இடைவெளி விட்ட வாக்கியமும், அடியில் ‘தள்ளிப்போட்டுவிட்டார்கள்’ என்ற குறிப்பும். பின்பக்கம் விடையோடு இன்னொரு வரி: ‘புட் இட் ஆஃப்’. இந்த இரண்டாம் வரியை விடவே கூடாது. இட், தெம் போன்ற சொற்கள் புட் ஆஃப் என்பதற்கு நடுவில் வரும், லுக் ஆஃப்டர் என்பதற்குக் கடைசியில் வரும். ‘புட் ஆஃப் இட்’ என்று சொன்னால் பிழை. பொருள் தெரிந்தவர்களே பேசும்போது தடுமாறுவது இங்கேதான். வெறும் சொல்லும் பொருளும் எழுதிய அட்டை இதைக் கற்றுத்தராது.

அட்டையைக் காகிதத்தில் செய்வதா, மின் அட்டைகளை நாள் பார்த்துக் காட்டும் ஆங்கி செயலியிலா? காகிதம் என்றால் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் சொன்ன பெட்டி முறை. மூன்று அறை போதும்: முதலறை தினமும், அடுத்தது மூன்று நாளுக்கொருமுறை, கடைசி வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு, தவறினால் மீண்டும் முதலறைக்கு. கையால் எழுதுவதே பாதிப் படிப்பு. ஆனால் 300 அட்டையைத் தாண்டினால் பெட்டி சுமையாகிவிடும். ஆங்கி நாள் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் காசு. அதில் நாளுக்கு 20 புது அட்டை என்ற அமைப்பை அப்படியே விட்டால், சில வாரங்களில் தினசரி மீள்பார்வை நூற்றைத் தாண்டும். பலர் செயலியையே அழித்துவிடுவது அந்தக் கட்டத்தில்தான். முதல் நாளே ஐந்தாகக் குறையுங்கள். அடுத்தவர் செய்த அட்டைக்கட்டை இறக்கிக்கொள்வது சுலபம்தான், ஆனால் அது பழைய பட்டியலே வேறு சட்டையில் வந்ததுபோல.

ஆங்கில சீரியல் பார்த்துக் கற்பது காதுக்கு நல்லது, தொடக்கச் சேமிப்புக்கு ஆகாது. பேச்சில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டுமென்றால் 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்கள் (ஒரு மூலச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் ஒரு குடும்பம்) தேவை என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷனின் 2006 கணக்கு. அது இல்லாதவர் முழு எபிசோடையும் ஓடவிட்டால் கதை புரியும், சொல் ஒட்டாது. மூன்று நிமிடத் துண்டு போதும். ஆங்கில சப்டைட்டிலோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை பார்த்து, மூன்று சொற்றொடர்களை அட்டைக்கு மாற்றலாம். தமிழ் சப்டைட்டில் ஓடினால் கண் அதைவிட்டு நகராது.

ஸ்லாங் எனும் பேச்சுக் கொச்சைக்கு மட்டும் சீரியலை விட்டால் வேறு வழியில்லை. அச்சில் வருவதற்குள் பழசாகிவிடும். ஊருக்கு ஊர் மாறவும் செய்யும். ‘பிஸ்ட்’ என்றால் அமெரிக்காவில் கோபம், பிரிட்டனில் போதை, இரண்டு இடத்திலும் கொஞ்சம் கொச்சை. புரிந்துகொள்ளுங்கள், பேச அவசரப்படாதீர்கள். மரபுத்தொடர்களும் ஏறக்குறைய அப்படியே. பள்ளிகளில் சொல்லித்தரும் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ இப்போது பழைய வாசனை அடிக்கிறது. ‘கிக் த பக்கெட்’ என்பது ‘மண்டையைப் போட்டான்’ போன்றது, துக்க வீட்டில் வாயில் வரக்கூடாது.

அட்டைக்கு ஆங்கிலப் பொருள் வேண்டுமென்றால் லாங்மேன் அகராதி வசதி. சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் விளக்கிவிடும். கோபில்ட் அகராதி முழு வாக்கியமாகவே விளக்கும், ஆகவே எந்தச் சூழலில் வரும் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

முதல் ஐந்து அட்டைகளைப் புதுச்சொல்லில் வீணாக்காமல், நாம் தினமும் தப்பாகச் சொல்பவற்றுக்கு வைக்கலாம். ‘கோப் அப் வித்’ என்பதில் அப் கிடையாது. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதில் அபவுட் வேண்டாம். கல்லூரி முடித்ததை ‘பாஸ்ட் அவுட்’ என்றால் வெளிநாட்டுக்காரர் மயங்கி விழுந்ததாக நினைப்பார், ‘கிராஜுவேட்டட்’ என்க. கூட்டத்தை முன்னுக்கு இழுப்பதற்கு நாம் சொல்லும் ‘ப்ரீபோன்’ அங்கே பலருக்குப் புரியாது; ‘ப்ரிங் ஃபார்வர்ட்’ என்று எழுதி, பின்பக்கத்தில் ‘ப்ரிங் இட் ஃபார்வர்ட்’ என்றும் சேர்த்துவிடுங்கள்.