மாசம் எட்டாயிரம், இருபது மாசம்: என் பேக்லிங்க் பேக்கேஜ்

பாண்டியில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சான், நீ எடுத்த அந்த பேக்லிங்க் பேக்கேஜ எனக்கும் சொல்றாங்க. போடலாமா?" ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு முந்திரிக் கடை, சரக்கு பண்ருட்டிப் பக்கத்திலிருந்து. வெப்சைட்டை கூகுளில் மேலே கொண்டுவர, மற்ற தளங்களிலிருந்து அதற்கு லிங்க் (அதுதான் பேக்லிங்க்) போட்டுத் தரும் ஒரு கம்பெனிக்கு மாதம் எட்டாயிரம் வீதம் இருபது மாதம் கட்டினேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரியாதையான ஆட்கள். மாதா மாதம் 5-ஆம் தேதி ரிப்போர்ட் வந்துவிடும். போன் அடித்தால் எடுப்பார்கள். கூரியர் ஆபீசில்கூட எனக்கு அந்தச் சுகம் கிடைத்ததில்லை.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் டிஏ, அதாவது டொமைன் அத்தாரிட்டி, மேல்தான். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அந்த எண் இருக்கும். 9, 14, 22, 31 என்று ஏறிக்கொண்டே போனது. ஆர்டர் மட்டும் இருந்த இடத்தில். கேட்டால், "அத்தாரிட்டி பில்டாகுது சார்." டொமைன் அத்தாரிட்டி என்பது மோஸ் என்கிற தனியார் நிறுவனம் நூற்றுக்குப் போடும் மார்க், கூகுள் அதைத் தொடுவதே இல்லை என்பது எனக்குப் பதினோராவது மாதம்தான் தெரிந்தது. டியூஷன் வாத்தியார் போட்ட மார்க்கைக் காட்டி காலேஜில் சீட்டு கேட்ட கதைதான்.

அன்று ராத்திரி உட்கார்ந்து லிங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒரு தளத்தில் என் முந்திரிக்கு மேலே ஆன்லைன் ரம்மி, கீழே முடி நடும் கிளினிக். 44 லிங்கில் 39-இல் ஒரே வாசகம்: "பெஸ்ட் கேஷ்யூ ஆன்லைன்". நாற்பது பேர் ஒரே வார்த்தையில் ஒருத்தனைப் புகழ்ந்தால் நமக்கே சந்தேகம் வரும், கூகுளுக்கு வராதா? 2012-இல் கூகுளின் பெங்குவின் அப்டேட் வந்ததே இதைப் பிடிக்கத்தான். 2016-க்குப் பிறகு அது பெரும்பாலும் தளத்தை இறக்கிவிடுவதில்லை, இந்த மாதிரி லிங்கைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. என் தளம் விழவும் இல்லை, ஏறவும் இல்லை. விழுந்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

காசு கொடுத்து வாங்கும் லிங்குக்கு 'ஸ்பான்சர்டு' என்று குறி போடச் சொல்லி 2019-இல் கூகுள் அறிவித்ததே, ஏன் போடவில்லை என்று அந்தக் கம்பெனியில் இருந்த பையனைக் கேட்டேன். "போட்டா ரேங்குக்குப் பிரயோஜனமில்லையே சார்" என்று உண்மையைப் போட்டு உடைத்துவிட்டான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

இதற்கிடையில், மழை கொட்டி கடை ஈயாடிய ஒரு நாள், மேசைத் தராசில் நூறு கிராம் நிறுத்துப் பருப்பை எண்ணினேன். 240 ரகம் ஐம்பது சொச்சம், 320 ரகம் எழுபதை ஒட்டி. ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, எத்தனை முழுப்பருப்பு என்பதுதான் அந்த எண்; எண் குறைந்தால் பருப்பு பெரிசு. தராசோடு போட்டோ எடுத்து வெப்சைட்டில் ஒரு பக்கமாகப் போட்டேன். மூன்று மாதம் கழித்து, யார் லிங்க் கொடுத்தார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் பார்த்தால், அந்தப் பக்கத்துக்கு ஒரு தமிழ்ச் சமையல் தளத்திலிருந்து லிங்க். அதைப் பார்த்து இன்னும் இரண்டு. இப்போதும் போன் வரும்: "எண்ணிப் பாத்த கடைதானேண்ணே? 240 ஒரு கிலோ போடுங்க."

தானாக வந்தது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். கணக்கு முடிக்கப் பேசும்போதுதான் பையன் சொன்னான், அந்தச் சமையல் தளத்துக்காரம்மாவுக்கு மெயில் போட்டதே அவன்தானாம். ரிப்போர்ட்டில் ஏன் காட்டவில்லை?

"அதோட டிஏ 12தான் சார். காட்டினா நீங்க திட்டுவீங்கன்னு விட்டுட்டேன்."

திட்டியிருப்பேன்தான்.

பணம் நிறுத்திய இரண்டாம் மாதம் 44 லிங்க் 17 ஆனது. மற்றதெல்லாம் வாடகைக்கு இருந்திருக்கிறது. அந்த டிஏ 12 அப்படியே இருக்கிறது. மச்சான், பேக்கேஜ் வேண்டாம். அந்தப் பையன் என்றைக்காவது தனியாகத் தொழில் தொடங்கினால் சொல்கிறேன், முதல் ஆளாக நானே பணம் கட்டுவேன்.