கொசுப்புழுவுக்கு பி.டி.ஐ. தூள்: குமரியில் எங்கே எடுபடும், எங்கே வீண்

"மீன் சாகாது, தவளை சாகாது, கொசுப்புழு மட்டும்தான் சாகும்." பி.டி.ஐ. தூளை விற்பவர்கள் சொல்வது இதுதான். மருந்தைப் பொறுத்தவரை, அளவோடு போட்டால் பெரும்பாலும் பொய்யில்லை. நம்ம மாவட்டத்தில் சிக்கலே அதைக் கொண்டுபோய்ப் போடும் இடத்தில்தான்.

பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியாவின் சுருக்கப் பெயர் பி.டி.ஐ. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கண்டெடுத்தார்கள். புதுச்சேரியில் இருக்கும் ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்தி ஆய்வு மையமும் தனியாக ஒரு ரகத்தைப் பிரித்தெடுத்திருக்கிறது. இதன் புரதப் படிகத்தைக் கொசுப்புழு விழுங்கினால், காரத்தன்மை உள்ள அதன் குடலில் படிகம் கரைந்து குடல்சுவர் சிதையும். ஒரு நாளைக்குள் செத்துவிடும். மனிதர், ஆடுமாடு, மீன், தவளை இவற்றின் குடலில் இந்த வேலை நடக்காது.

புழு தின்றால்தான் சாகும். இதன் குறைகளெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. காற்புள்ளி மாதிரி வளைந்து உருளும் கூட்டுப்புழு எதையும் தின்னாது. அதன் மேல் கிலோக்கணக்கில் கொட்டினாலும் இரண்டு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். கூட்டுப்புழு கண்ணில் பட்டால் தண்ணீரைத் தரையில் கவிழ்ப்பதே வழி. வெயில் நேராக விழும் தொட்டியில் மருந்தின் வீரியம் சீக்கிரம் போகும். தூள் அடியில் படிந்துவிட்டால், மேல்மட்டத்தில் மேயும் புழுவுக்குக் கிடைக்காது.

அளவு: நீர்ப்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு அரை கிராம். 25 கிராம் தூளை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, ஒரு லிட்டராக்கிக் கொள்ளவும். ஒரு சதுர மீட்டருக்கு அதில் 20 மில்லி போதும். இருமல் மருந்தோடு வரும் 10 மில்லி மூடியால் இரண்டு மூடி. ஒவ்வொரு முறை ஊற்றும் முன்னும் குலுக்க வேண்டும். கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று லேபிளில் போட்டிருந்தாலும், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை போடுவதே உத்தமம்: முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான். குடிதண்ணீர்த் தொட்டிக்கு, லேபிள் வெளிப்படையாக அனுமதித்தால் மட்டும். இல்லையென்றால் தேய்த்துக் கழுவி மூடுங்கள்.

மூட முடியாத சிமெண்ட் தொட்டி, பாழ்கிணறு, கட்டட வேலைக்குத் தேக்கிய தண்ணீர் இவற்றுக்கு முழு மதிப்பெண் தரலாம். ரப்பர் தோட்டத்துக்கு மட்டும் இதை வாங்காதீர்கள். குலசேகரம், அருமனை, கீரிப்பாறை பக்கம் மழைக்காகப் பால்வெட்டு நிற்கும் நாட்களில் பால் பிடிக்கும் சிரட்டைகள் நிமிர்ந்தபடியே மரத்தில் கிடக்கும். டெங்குவும் சிக்குன்குனியாவும் பரப்பும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவுக்கு அதில் ரெண்டு விரல் தண்ணீர் தாராளம். இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழை வேறு. ஏக்கருக்கு 170 முதல் 200 மரம்; சிரட்டை சிரட்டையாக மருந்து ஊற்றி எந்தக் காலத்தில் முடிப்பது? வெட்டு நின்ற அன்றே கம்பி வளையத்தில் கவிழ்த்து வைத்தால் செலவே இல்லை. உள்சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், மறுபடி எடுக்கும்போது தேய்த்துக் கழுவ வேண்டும். கீழே விழுந்து கிடக்கும் கமுகம்பாளைக்கும் இதே கவனிப்புத்தான்.

ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் கொட்டகைக்குப் பின்னால் தேங்கும் நாற்றத் தண்ணீரில் வளர்வது க்யூலெக்ஸ் கொசு. யானைக்கால் நோயைக் கடத்துவது அந்த வகைதான். அழுக்குத் தண்ணீரில் பி.டி.ஐ. சுணங்கும். அதற்கு பாசில்லஸ் ஸ்ஃபெரிக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா மருந்து மேல். ஆனால் ஏடிஸ் கொசுவிடம் இது அவ்வளவாகப் பலிக்காது. ரெண்டையும் மாற்றி வாங்கிவிட்டு மருந்து போலி என்று சண்டை போடுவதில் பயனில்லை.

குளத்தில் போடலாமா என்றால், கூடாது. சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. பி.டி.ஐ. அளவு கூடினால் கடிக்காத நீர்ப்பூச்சிகளின் புழுவும் சாகும். பறவைக்கும் தும்பிக்கும் அதுதான் சாப்பாடு. பிரான்சின் கமார்க் சதுப்பு நிலத்தில் இதைத் தெளித்த பகுதிகளில் தகைவிலான் வகைப் பறவைகளுக்குக் குஞ்சுகள் குறைந்ததை அளந்தே காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பதில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீனை விடுவதும் சரியில்லை. 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த அந்த மீன், தவளைக் குஞ்சையும் நாட்டு மீன் குஞ்சையும் சேர்த்தே தின்னும். தவளை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோஸ்டாரிகாவும் பனாமாவும் சாட்சி: அங்கே பூஞ்சை நோயில் தவளைகள் அழிந்த பகுதிகளில், அடுத்த சில ஆண்டுகள் மலேரியா கூடியது. குளத்துக் கரையில் குப்பையை அள்ளி, ஓரத்துப் பாசியை வழித்துவிட்டால் மீதியை நாட்டு மீனும் தும்பிப் புழுவும் பார்த்துக்கொள்ளும்.

வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கடை வாசலில் வெயில் காய்ந்த பாக்கெட்டும், ஈரம் ஏறிக் கட்டியானதும் வேண்டாம். தெளிப்பதற்குத் தனி ஸ்பிரேயர் வைத்துக்கொள்ளுங்கள். கமுகுக்குப் போர்டோ கலவை (செம்பு சேர்ந்த பூஞ்சை மருந்து) அடித்த டேங்கிலேயே கரைத்து ஊற்றினால், மிச்சமிருக்கும் செம்பில் மீன் மிதக்கும், பழி பி.டி.ஐ. மேல் விழும்.