சூடானுக்குக் கொடுப்பது: யுனிசெஃபுக்கா, தெருமுனை அண்டாவுக்கா?

சூடானில் 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப் என்ற துணை ராணுவப் படைக்கும் மூண்ட சண்டையில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்து ஓடியிருக்கிறார்கள். கொஞ்சம் பணம் கொடுக்கலாம் என்று நினைப்பவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, உலக உணவுத் திட்டம், யுனிசெஃப் போன்ற பெரிய அமைப்புகள். மற்றது, 'அவசரகால உதவி அறைகள்' என்ற உள்ளூர்த் தன்னார்வலர் குழுக்கள்.

அறை என்றதும் அலுவலகம், பெயர்ப்பலகை என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு பள்ளிக்கூட முற்றம், விறகடுப்பில் ஒரு அண்டா, அவ்வளவுதான். ஊர் கூடி அறுவடைக்கும் வீடு கட்டவும் கைகொடுக்கும் 'நஃபீர்' அங்கே பழைய வழக்கம். 2019இல் அதிபர் பஷீர் விழக் காரணமான தெருப் போராட்டக் குழுக்களும் சேர்ந்துதான் இந்த அறைகள் உருவாயின. இவை நடத்தும் பொதுச் சமையலறைக்குத் 'தக்கியா' என்று பெயர். பாத்திரத்தோடு வரிசையில் நிற்பவர்களுக்குப் பருப்போ சோளக் களியோ கிடைக்கும்.

வேகம் என்று பார்த்தால் அறைகள்தான். 'பங்கக்' என்ற வங்கிச் செயலியில் பணம் விழுந்தால் பக்கத்துச் சந்தையிலேயே சரக்கு வாங்கி உலை வைத்துவிடலாம். பெரிய அமைப்புகளின் லாரிக்கு அந்த வசதி இல்லை. சாட் நாட்டிலிருந்து மேற்குச் சூடானின் தார்ஃபூர் பகுதிக்குள் நுழையும் ஆத்ரே எல்லை 2024 பிப்ரவரியில் மூடப்பட்டு ஆகஸ்டில்தான் திறந்தது. ஆர்எஸ்எஃப் முற்றுகையில் இருந்த, தார்ஃபூரின் எல் ஃபாஷர் நகருக்குப் புறப்பட்ட ஐ.நா. வண்டிகள் 2025 ஜூனில் வழியிலேயே தாக்கப்பட்டு, ஐந்து பேர் இறந்தார்கள். நகருக்குள் சிக்கியிருந்தவர்கள் 'அம்பாஸ்' தின்றார்கள். கடலை எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் சக்கை அது. நம் ஊரில் மாட்டுக்கு வைக்கும் புண்ணாக்கேதான். அதையும் பங்கிட்டுக் கொடுத்தது தக்கியாதான்.

சரி, அறைகளால் முடியாதது? காலரா தடுப்பு மருந்தும், எலும்பும் தோலுமான குழந்தையைத் தேற்றும் வேர்க்கடலை விழுதுப் பொட்டலமும் அண்டாவில் வேகாது. அதற்கு யுனிசெஃப்தான் வேண்டும். இணையம் போனால் பங்கக்கும் போய்விடும். 2024 பிப்ரவரியில் அப்படித்தான் பல அடுப்புகள் அணைந்தன. ரசீது, தணிக்கை என்று எதிர்பார்ப்பவருக்கும் பெரிய அமைப்புதான் தோது. 'போட்டோ அனுப்புங்கள்' என்று அறைகளை நச்சரிக்கவும் கூடாது. இரு தரப்புப் படைகளுமே தன்னார்வலர்களைப் பிடித்துக்கொண்டு போயிருக்கின்றன.

என் ஓட்டு அறைகளுக்கே. 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நின்றதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமையலறைகள் மூடப்பட்டன. பெரிய அமைப்புகளுக்கும் அடி விழுந்தது உண்மைதான், ஆனால் அவர்களுக்குத் தட்ட வேறு கதவுகள் உண்டு. தெருச் சமையலறைக்கு வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவுக்காரர்களையும், நம்மைப் போன்றவர்கள் மாதாமாதம் அனுப்பும் சில்லறையையும் விட்டால் பெரிதாக யாரும் இல்லை.

நேரடியாக அனுப்புவது கடினம். இடையில் ஓர் அமைப்பு வேண்டியிருக்கும். அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நூறு ரூபாயில் அண்டாவுக்குப் போய்ச் சேருவது எவ்வளவு?