மூன்று வருடம் படகில் ஓடிய பலகையும் அதன் யூ.எஸ்.பி கிளொக்கும்

கிண்ணியாவிலிருந்து நண்பர் ஒருவர் போன கிழமை அழைத்து, நான் மூன்று வருடமாகப் பாவிக்கும் ஒற்றைப் பலகைக் கணினியின் விலை இறங்கியிருக்கிறது, தன் படகுக்கும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். பலகையைப் புகழ்ந்துகொண்டே வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அது குழப்பமாகத்தான் இருந்திருக்கும். ஆகவே காரணத்தை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

என் பலகை, கொட்பேயில் கட்டும் மைத்துனரின் படகில் இருக்கிறது. ஜி.பி.எஸ் ரிசீவர் தரும் இடக்குறிப்புகளைப் பதிந்து, 4ஜி டொங்கிள் வழியாக வீட்டுக்கு அனுப்புவதே அதன் வேலை. சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் கிடந்தும், மார்கழி மழையில் உப்பு ஈரத்தில் ஊறியும், அது சூட்டினால் ஒருநாளும் நின்றதில்லை. மெமரி கார்ட்டை ஒருமுறை மாற்றினேன். வேறு செலவில்லை.

ஆனால் ரிசீவர் மட்டும், பலகை இயங்கத் தொடங்கிய சில விநாடிகளில் காணாமற்போகும். மற்றப் போர்ட்டில் இருந்த டொங்கிளுக்கு எந்தக் குறையும் இல்லாததால், பழியை ரிசீவர்மீது போட்டு இரண்டு ரிசீவர்களையும் மூன்று கேபிள்களையும் மாற்றினேன். போர்ட்டையும் மறுபடி ஈயம் வைத்து ஒட்டினேன். கேர்னல் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும் பதிவில் ஒவ்வொரு முறையும் வந்தது −110 என்ற பிழை எண். பதிலுக்குக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

இந்தப் பலகையில் ஒவ்வொரு யூ.எஸ்.பி 2.0 போர்ட்டின் பின்னாலும் இரண்டு கட்டுப்படுத்திகள் இருக்கின்றன. விநாடிக்கு 480 மெகாபிட் வேகச் சாதனங்களை இ.எச்.சி.ஐ என்ற கட்டுப்படுத்தி கவனிக்கும், 12 அல்லது 1.5 மெகாபிட் சாதனங்கள் வந்தால் போர்ட்டை ஓ.எச்.சி.ஐ என்ற மற்றதிடம் ஒப்படைத்துவிடும். டொங்கிள் முதல் வகை, ரிசீவர் இரண்டாம் வகை. இந்தச் சிப்பில் அவ்விரண்டுக்கும் பஸ் கிளொக்கும் (சுற்றை ஓடவைக்கும் துடிப்பு) ரீசெற் இணைப்பும் (பிடித்தால் சுற்றை நிறுத்தி வைப்பது) பொதுவானவை. பலகையோடு வந்த கேர்னலில் இருந்த இ.எச்.சி.ஐ ட்ரைவரோ (அதை இயக்கும் மென்பொருள்), போர்ட்டை ஒப்படைத்த பின் தன்னிடம் சாதனம் ஏதும் இல்லை என்று கண்டு, கிளொக்கை நிறுத்தி ரீசெற்றையும் பிடித்துவிடுகிறது. பக்கத்தில் ஓ.எச்.சி.ஐ வேலை செய்துகொண்டிருப்பது அதற்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வழி இல்லாமலில்லை, அதுதான் என் கோபம். லினக்ஸ் ஒவ்வொரு கிளொக்கையும் எத்தனை ட்ரைவர்கள் கேட்டிருக்கின்றன என்று எண்ணி வைத்திருக்கிறது. கடைசி ஆளும் விட்ட பிறகுதான் அதை நிறுத்தும். ஆனால் கேட்டவர்களைத்தான் அது எண்ணும். என் பலகையின் டிவைஸ் ட்ரீயில், அதாவது பலகையில் என்னென்ன இருக்கின்றன என்று கேர்னலுக்குச் சொல்லும் கோப்பில், ஓ.எச்.சி.ஐயின் பகுதி பொதுக் கிளொக்கைக் கேட்கவே இல்லை, இ.எச்.சி.ஐ திறந்து வைத்ததில் ஒட்டிக்கொண்டு ஓடியது. கேர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக் கோப்பகத்தின் கிளொக் பட்டியலில், கேட்டவர்களின் எண்ணிக்கை 2 என்று இருக்கவேண்டிய இடத்தில் 1 என்று கண்ட இரவில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ரீசெற்றுக்கும் இதே வசதி 2016இல் கேர்னல் நிரலாளர் ஹான்ஸ் தே கூதே எழுதிய திருத்தங்களால் வந்தது: பகிர்ந்த ரீசெற் என்று கேட்டால், எல்லாரும் விட்ட பின்னரே அது பிடிக்கப்படும். உதாரணத்துக்கு, ஆல்வின்னர் எச்3 என்ற சிப்புக்காகப் பொதுக் கேர்னலில் உள்ள டிவைஸ் ட்ரீ கோப்பைத் திறந்து பாருங்கள். இரண்டு கட்டுப்படுத்திகளின் பகுதிகளிலும் இருவரின் பஸ் கிளொக்குகளும் ரீசெற்றுகளும் எழுதப்பட்டிருக்கும். பகிர்வதில் ஓர் இழப்பும் உண்டு: ஒரு கட்டுப்படுத்தி உறைந்துபோனால் மற்றது விடும்வரை அதை மட்டும் ரீசெற் செய்ய முடியாது. படகில் அதை நான் பொறுத்துக்கொள்வேன்.

இதைக் கண்டுபிடிக்குமுன், பாவிக்காத கிளொக்குகளை நிறுத்தாதே என்ற பூட் (கணினி தொடங்கும்போது கொடுக்கும்) கட்டளையையும் போட்டுப் பார்த்தேன். பயனில்லை. அது பூட் முடிவில் நடக்கும் துப்புரவை மட்டுமே தடுக்கும். ட்ரைவர் தானே நிறுத்துவதை அது தடுக்காது. பிறகு தற்செயலாக ஒரு போர்ட்டைப் பலவாக்கும் யூ.எஸ்.பி 2.0 ஹப்பை இடையில் போட்டபோது குறை மறைந்தது. ஹப் 480 மெகாபிட்டில் இ.எச்.சி.ஐயோடு பேசி, ரிசீவரின் மெதுவான பேச்சைத் தனக்குள்ளேயே மாற்றிக்கொடுக்கும், ஆகவே ஓ.எச்.சி.ஐக்கு அங்கே வேலையே இல்லை. எட்டு மாதம் அப்படி ஓட்டினேன். அதற்குள் உப்புக்காற்று இரண்டு ஹப்புகளைத் தின்றுவிட்டது.

கடைசியில் டிவைஸ் ட்ரீயில் இரண்டு பகுதிகளிலும் நான்கைந்து வரிகளைச் சேர்த்து, ட்ரைவரில் ரீசெற்றைத் தனியுரிமையாகக் கேட்ட இடத்தைப் பகிர்வாக மாற்றிக் கேர்னலைத் தொகுத்தேன். பட்டியலில் 2 வந்தது. ஐந்து மாதமாக ரிசீவர் ஒருமுறையும் அறுபடவில்லை. இன்று இதைவிட நம்பகமான பொருள் அந்தப் படகில் எஞ்சின்கூட இல்லை.

அப்படியிருந்தும் வேண்டாம் என்கிறேன். திருத்தத்தை விற்பனையாளருக்கு அனுப்பினேன், பதில் இல்லை. நண்பர் அழைத்த அன்று மெமரி கார்ட்டில் ஏற்றும் அவர்களின் புதிய இமேஜைத் தரவிறக்கிப் பார்த்தேன், அதே ஒற்றைக் கிளொக் அங்கே அப்படியே இருந்தது. அந்த வரிகளை எழுதத் தெரியாத மீனவர் ஒருவர் காசு கொடுத்து, ரிசீவரையும் கேபிளையும் மாற்றி மாற்றி அலைவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. நண்பர் ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால், படகில் பூட்டுமுன் மெமரி கார்ட்டை என்னிடம் கொடுத்தனுப்பட்டும்; கேர்னல் தயாராக இருக்கிறது.