தம்பி கேஸை எடுத்து நடத்தின கிரிமினல் வக்கீலம்மா பத்தி

தம்பி மேல அடிதடி கேஸ் விழுந்தப்போ எங்க வீட்ல யாருக்கும் கோர்ட் பக்கம் போன பழக்கமே இல்ல, தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லித்தான் இவங்ககிட்ட போனோம். முன்னாடி பல வருஷம் அரசு தரப்புல வாதாடினவங்க, அதனால எதிர்த்தரப்பு கேஸை எப்படி கட்டும் எங்க ஓட்டை விழும்னு அத்துப்படி. முதல் நாளே, "எங்கிட்ட எதையும் மறைக்காதீங்க, இங்க பேசறது வெளிய போகாது"ன்னாங்க. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசு தரப்பு, நாம இல்லன்னு அம்மாவுக்குப் புரியறவரைக்கும் பொறுமையா சொன்னாங்க.

குறுக்கு விசாரணைதான் பார்க்கணும்! கண்ணால பார்த்தேன்னு சாட்சி சொன்னவர் போலீஸ்ல கொடுத்த முதல் வாக்குமூலத்துல சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்னு சொல்லியிருந்தார், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சத்தமே போடாம நாலே கேள்விதான் கேட்டாங்க, அவரால பதில் சொல்ல முடியல.

போன் பண்ணா பாதி நேரம் ஜூனியர்தான் எடுப்பார், அது ஒரு குறை. ஃபீஸ் முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டாங்க. ஜெயிச்சுடலாம்னு ஒரு தடவகூட வாக்கு கொடுக்கல, அதுலதான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. தம்பி விடுதலையாகி இப்போ வேலைக்குப் போறான்.